போர்ட் திறந்திருக்கிறது, சரி. சேர்வர் வேலை செய்கிறதா?

ஒக்டோபர் 12, இரவு 8.50: வந்த கேள்வி

"அண்ணை, கிரோனில் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருக்கிறேன். பிஎஸ் எடுத்து கிரெப் பண்ணினால் வெப்லொஜிக் ஓடுகிறதா என்று தெரியும். 7001 போர்ட் திறந்திருக்கிறதா என்றும் பார்க்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஏன் எல்லோரும் பெரிய கண்காணிப்பு மென்பொருள் வாங்கச் சொல்கிறார்கள்?" கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி. (புதியவர்களுக்கு: வெப்லொஜிக் என்பது செயலிகளை ஓட்டும் ஜாவா சேர்வர், 7001 அது வழமையாகத் திறக்கும் போர்ட். கிரோன் கட்டளைகளைக் குறித்த நேரத்துக்கு ஓட்டுவது, பிஎஸ் ஓடும் புரொசஸ்களைப் பட்டியலிடுவது, கிரெப் அதில் ஒரு சொல்லைத் தேடுவது.)

ஒக்டோபர் 12, இரவு 10.20

பாதி சரி தம்பி. பெரிய மென்பொருள் வாங்கத் தேவையில்லை என்பது அந்தப் பாதி. நான் ஒன்பது வருடமாக வெப்லொஜிக், டொம்கட், ரபிட்எம்க்யூ என்று நடுவில் நிற்கும் மென்பொருள்களை (மிடில்வேர்) மாறி மாறிப் பார்க்கிறேன், முதலில் கொழும்பில், இப்போது கோண்டாவிலில் வீட்டு முன் அறையிலிருந்து, இன்றைக்கும் எனக்குக் காவல் நிற்பது பாஷ் (லினக்ஸ் கட்டளை மொழி) ஸ்கிரிப்ட்தான்.

மற்றப் பாதி பிழை. பிஎஸ் சொல்வது புரொசஸ் இருக்கிறது என்பதை மட்டும். போர்ட் திறந்திருக்கிறது என்பது இன்னும் குறைவான செய்தி. இந்த இரண்டையும் நம்பி ஒரு முழு இரவை இழந்தவன் நான், நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கரண்ட் போய்விட்டது, மடிக்கணினி பட்டரியில் ஓடுகிறது.

ஒக்டோபர் 13, காலை 6.40

ஒரு நிறுவனத்தின் கட்டணச் சேவை. வெப்லொஜிக்கில் ஓடியது, பின்னால் தரவுத்தளம். இரவு இரண்டு மணிக்குச் சற்று முன் தரவுத்தளத்தில் ஒரு பூட்டு விழுந்தது, யாரோ ஒரு பெரிய அப்டேட்டைத் தொடங்கிவிட்டு கொமிட் செய்யாமல் (மாற்றத்தை உறுதிப்படுத்தி முடிக்காமல்) போய்விட்டார்கள். அந்த அட்டவணையைத் தொட வந்த த்ரெட் (சேர்வருக்குள் ஒரு கோரிக்கையைச் செய்யும் இழை) ஒவ்வொன்றும் பதில் வராமல் நின்றது. அவை இணைப்புக் குளத்திலிருந்து (திறந்து வைத்த தரவுத்தள இணைப்புகளின் தொகுப்பு) எடுத்த இணைப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை, குளம் வற்றியது, பிறகு அந்த அட்டவணையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கோரிக்கைகளும் இணைப்புக்காக வரிசையில் நின்றன. காலை ஆறு மணிவரை ஒரு கட்டணமும் போகவில்லை.

அந்த நான்கு மணி நேரமும் என் ஸ்கிரிப்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் "ஓகே" என்று லொக்கில் எழுதிக்கொண்டிருந்தது. ஸ்கிரிப்டின் பிழை இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. புரொசஸ் இருந்தது. போர்ட்டும் திறந்திருந்தது. நான் கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி.

டிசிபி இணைப்பு ஏற்படும்போது முதல் கைகுலுக்கலைச் செய்வது கேர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு. உள்ளே இருக்கும் ஜாவா அதன் பிறகுதான் அந்த இணைப்பை எடுத்து வேலைக்கு அனுப்புகிறது. உள்ளே எல்லா த்ரெட்டும் உறைந்து கிடந்தாலும், லிசன் வரிசையில் இடம் இருக்கும்வரை, வெளியிலிருந்து தட்டுகிறவருக்குக் கதவு திறந்தே தெரியும். வெப்லொஜிக்கிடமே நிலையைக் கேட்டிருந்தாலும் "ரன்னிங்" என்றுதான் சொல்லியிருக்கும். நிலை வேறு, ஹெல்த் வேறு. ஒரு த்ரெட் ஒரே கோரிக்கையில் 600 விநாடி நின்றால்தான், மாற்றாமல் விட்ட அமைப்பில், அதை "ஸ்டக்" என்று குறிக்கும், அப்போது லொக்கில் பிஇஏ-000337 என்ற எண்ணோடு ஒரு வரி விழும். வெப்லொஜிக்கை முன்பு வைத்திருந்த பிஇஏ நிறுவனத்தை ஓரக்கிள் 2008இல் வாங்கிவிட்டது, ஆனாலும் லொக்கில் அந்தப் பழைய பெயர் இன்னும் இருக்கிறது. அன்று இரவு அந்த வரி நூற்றுக்கணக்கில் விழுந்திருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஒக்டோபர் 13, காலை 7.15

சரி, அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? பாவனையாளர் செய்வதையே ஸ்கிரிப்டும் செய்ய வேண்டும். கர்ல் (வலைப் பக்கத்தை எடுக்கும் கட்டளை) கொண்டு ஒரு பக்கத்தை எடுங்கள், அந்தப் பக்கம் தரவுத்தளத்தில் ஒரு சின்னக் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் தருவதாக இருக்கட்டும். கர்லுக்கு மேக்ஸ்-டைம் 10 என்று கொடுங்கள், கொடுக்காவிட்டால் அதுவும் சேர்ந்து காத்திருக்கும். கட்டளை முடியும்போது தரும் வெளியேறும் எண் 7 என்றால் இணைக்கவே முடியவில்லை, 28 என்றால் நேரம் முடிந்தது. இந்த இரண்டையும் ஒரே "டவுன்" என்று எழுதாதீர்கள். 7 வந்தால் சேர்வரை எழுப்பப் போவேன். 28 வந்தால் முதலில் த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்ற பதிவு) எடுப்பேன், மறுதொடக்கம் செய்தபின் தடயம் ஒன்றும் மிஞ்சாது.

200 (பக்கம் சரியாகக் கிடைத்தது என்ற பதில் எண்) வந்தது என்பதும் போதாது. சில செயலிகள் பிழைப் பக்கத்தையே 200 போட்டு அனுப்பும். பதிலுக்குள் ஒரு குறிப்பிட்ட சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒக்டோபர் 13, பகல் 12.30

கிரெப் பற்றி ஒன்று விட்டுப்போனது. பிஎஸ் வெளியீட்டில் வெப்லொஜிக் என்று கிரெப் பண்ணினால் கிரெப்பின் சொந்த வரியும் அதில் அகப்படும், சேர்வர் செத்திருந்தாலும் ஒரு வரி கிடைக்கும். தேடும் சொல்லின் முதல் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டால் கிரெப்பின் வரி அகப்படாது, இந்தத் தந்திரம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உங்கள் ஸ்கிரிப்ட் கோப்பின் பெயரிலேயே வெப்லொஜிக் என்று இருந்தால் அந்தத் தந்திரமும் உதவாது, பிகிரெப் எஃப் (முழுக் கட்டளை வரியிலும் தேடுவது) போட்டாலும் உதவாது, ஸ்கிரிப்ட் தன்னையே பார்த்துவிட்டு "இருக்கிறது" என்று சொல்லும். யாராவது வெப்லொஜிக் லொக்கை டெயில் கட்டளையால் பார்த்துக்கொண்டிருந்தாலும் இதே கதை. புரொசஸைத் தேடத்தான் வேண்டும் என்றால் ஜாவா வரியில் சேர்வரின் பெயரைக் கொடுக்கும் அந்த டி-வெப்லொஜிக்-நேம் பகுதியை முழுதாகத் தேடுங்கள்.

ஒக்டோபர் 15, இரவு 11.05

"டபிள்யுஎல்எஸ்டி இருக்கும்போது கர்ல் எதற்கு, உள்ளே போய் ஹீப், த்ரெட், இணைப்புக் குளம் எல்லாம் பார்க்கலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்க்கலாம், நானும் பார்க்கிறேன். டபிள்யுஎல்எஸ்டி வெப்லொஜிக்கின் சொந்தக் கட்டளைக் கருவி, ஜைத்தனில் (ஜாவாவில் ஓடும் பைத்தன்) எழுதுவது, டொமைன் ரன்டைமுக்குள் (எல்லாச் சேர்வர்களின் ஓட்ட விவரமும் உள்ள பகுதி) போனால் ஒவ்வொரு சேர்வரின் ஹெல்த்தையும் ஓர் அட்மின் சேர்வரிலிருந்தே வாசிக்கலாம். குளத்தில் எத்தனை இணைப்பு பாவனையில் இருக்கிறது, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற இரண்டு எண்ணும் எனக்குப் பொன் மாதிரி. காத்திருப்போர் பூச்சியத்துக்கு மேல் போய் இரண்டு தடவை தொடர்ந்து அப்படியே நின்றால் நான் எழும்பிவிடுவேன், மற்றதெல்லாம் பச்சையாக இருந்தாலும்.

ஆனால் அதன் விலை தெரிந்திருக்க வேண்டும். டபிள்யுஎல்எஸ்டி ஒவ்வொரு முறையும் ஒரு புது ஜாவாவைத் தொடங்குகிறது. மெதுவாக எழும்பும், மெமரி தின்னும். ஒருமுறை அட்மின் சேர்வர் உறைந்திருந்த நேரம் என் ஸ்கிரிப்ட் இணைக்கப்போய் அங்கேயே நின்றுவிட்டது. கிரோனுக்கு அது தெரியாது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்றைத் தொடங்கியது, அதுவும் நின்றது. ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு ஜாவா. இரண்டாவது மணி நேரத்தில் மெமரி முடிந்து, லினக்ஸின் ஓஓஎம் கில்லர் வந்து, அந்தக் கணினியில் மிகப் பெரிதாக இருந்த புரொசஸைக் கொன்றது. அது வாடிக்கையாளரின் வெப்லொஜிக் சேர்வர். காவலுக்கு வைத்த ஸ்கிரிப்டே சேர்வரைக் கொன்றுவிட்டது. டிமெசேஜில் (கேர்னலின் லொக்) அந்த வரியைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். எந்தக் கட்டளையானாலும் முன்னால் டைம்அவுட் போடுவேன், நேரம் முடிந்தால் அது 124 என்ற எண்ணோடு வெளியேறும். ஸ்கிரிப்ட் முழுவதையும் ஃப்ளொக்குக்குள் வைப்பேன், பழையது முடியாமல் புதியது தொடங்காது.

ஒக்டோபர் 16, காலை 6.05

டைம்அவுட் முதலில் அனுப்புவது டேர்ம் சிக்னல், முடித்துக்கொள் என்று கேட்பது. உறைந்த ஜாவா சிலநேரம் அதைக் கேட்காது. கே விருப்பத்தோடு இன்னும் சில விநாடி கொடுத்து, அதன் பிறகு கில் போகும்படி எழுதுங்கள்.

ஒக்டோபர் 19, மாலை 5.30

ஒரு திருத்தம், கடந்த கிழமை ஒருவருக்கு அனுப்பிய மாதிரியில் நானே விட்ட பிழை. கட்டளையின் வெளியீட்டை டீயில் (திரைக்கும் கோப்புக்கும் ஒன்றாக எழுதும் கட்டளை) போட்டு லொக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் வெளியேறும் எண்ணைப் பார்த்திருந்தேன். குழாயின் முடிவில் கிடைப்பது கடைசிக் கட்டளையின் எண், அதாவது டீயின் எண். டீ பெரும்பாலும் வெற்றிதான். 124 வந்தாலும் 28 வந்தாலும் எனக்குத் தெரிந்தது பூச்சியம். ஸ்கிரிப்டின் தலையில் பைப்ஃபெயில் போடுங்கள், குழாயில் முன்னால் தோற்ற கட்டளையின் எண் மறையாது. அந்த மாதிரியை எடுத்தவர்கள் தயவுசெய்து இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

கடவுச்சொல் பற்றியும் கேட்டிருந்தார்கள். கட்டளை வரியில் எழுதினால் அதே கணினியில் பிஎஸ் போடுகிற எவருக்கும் தெரியும். டபிள்யுஎல்எஸ்டியில் ஸ்டோர் யூசர் கொன்ஃபிக் இருக்கிறது, இரண்டு கோப்பு எழுதித் தரும், ஒன்றில் மறையாக்கிய பெயரும் கடவுச்சொல்லும், மற்றதில் சாவி. இரண்டும் ஒரே ஆளின் கையில் கிடைத்தால் மறையாக்கம் இருந்தும் இல்லாததுதான், ஆகவே 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் வாசிக்க, எழுத), கண்காணிப்புக்கென்று தனிப் பாவனையாளர், அந்தப் பாவனையாளருக்கு மொனிட்டர் உரிமை மட்டும். அட்மின் கணக்கைக் கொடுத்துவிட்டு "வாசிக்க மட்டும்தானே" என்று சொல்லாதீர்கள்.

ஒக்டோபர் 24, இரவு 9.15

கியூக்கள், அதாவது ஒரு செயலி அனுப்பிய செய்திகள் மற்றது எடுக்கும்வரை காத்திருக்கும் வரிசைகள். இதை நீளமாக எழுத வேண்டும், ஏனென்றால் மிடில்வேரில் உண்மையான நோய் தெரிவது இங்கேதான், ஆனால் பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் ஆழத்தை (எத்தனை செய்தி காத்திருக்கிறது என்பதை) மட்டும் பார்க்கின்றன.

கியூவில் 4000 செய்தி இருக்கிறது. இது நல்லதா கெட்டதா? தெரியாது. மாதக் கடைசியில் சம்பளக் கோப்பு ஏறும்போது 4000 சாதாரணம், பத்து நிமிடத்தில் வடிந்துவிடும். ஞாயிறு காலை 40 செய்தி ஒரு மணி நேரமாக அப்படியே நின்றால் அது சாவு. காங்கேசன்துறை வீதியில் பேக்கரி வாசலில் பத்துப் பேர் நின்றால் நாங்கள் பார்ப்பது எத்தனை பேர் என்பதை இல்லை, வரிசை நகர்கிறதா என்பதை.

ரபிட்எம்க்யூவில் கியூக்களைப் பட்டியலிடும்போது நான்கு பத்தி கேட்டு வாங்குங்கள்: பெயர், தயாராக இருப்பவை, கொடுத்தும் ஒப்புதல் வராதவை, நுகர்வோர் (செய்தியை எடுக்கும் செயலிகள்) எண்ணிக்கை. நுகர்வோர் பூச்சியம் என்றால் ஆழம் எதுவானாலும் உடனே எச்சரிக்கை. தயாராக இருப்பவை குறைவு, ஒப்புதல் வராதவை மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன என்றால் நுகர்வோர் எடுத்து வைத்துக்கொண்டு உறைந்திருக்கிறார், வெளியிலிருந்து பார்க்கக் கியூ காலியாகத் தெரியும், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வட்டில் இடம் குறைந்தால் ரபிட் அனுப்புவோரை நிறுத்திவிடும், மாற்றாமல் விட்ட எல்லை வெறும் 50 மெகாபைட், அந்த அளவுக்கு வட்டு வற்றும்வரை காத்திருந்தால் பக்கத்தில் ஓடும் மற்றதெல்லாம் ஏற்கெனவே விழுந்திருக்கும்.

ஐபிஎம் எம்க்யூ வைத்திருப்பவர்களுக்கு: ஒரு கியூவின் உச்ச ஆழம் மாற்றாமல் விட்டால் 5000. நிரம்பினால் அனுப்பும் செயலிக்கு 2053 என்ற காரண எண் கிடைக்கும். அந்த எண்ணைச் செயலியின் லொக்கில் பார்த்துத் தெரிந்துகொள்வது மிகவும் பிந்தியது. தற்போதைய ஆழத்தை உச்ச ஆழத்தால் வகுத்து, விகிதத்தைப் பாருங்கள்.

எந்தக் கியூவானாலும் முன்னைய ஓட்டத்தின் எண்ணை ஒரு கோப்பில் வைத்து இந்த ஓட்டத்தோடு ஒப்பிடுவேன். இரண்டு வரி பாஷ், அவ்வளவுதான்.

ஒக்டோபர் 25, காலை 10.40

யோசித்துப் பார்த்தால் நேற்று எழுதிய ஒப்பீடு முழுச் சரியில்லை. வருவதும் போவதும் ஒரே வேகத்தில் இருந்தால் ஆழம் மாறாமலே இருக்கும், என் ஸ்கிரிப்ட் "நிற்கிறது" என்று பிழையாகக் கத்தும். மிகப் பழைய செய்தியின் வயதுதான் சரியான அளவு. ஐபிஎம் எம்க்யூவில் கியூ நிலையைக் கேட்டால் அந்த வயது கிடைக்கும், ஆனால் மொன்க்யூ என்ற கண்காணிப்பு அமைப்பைத் திறந்திருந்தால் மட்டும். திறக்காவிட்டால் அந்த இடம் வெறுமையாக வரும், வெறுமையைப் பாஷ் சில ஒப்பீடுகளில் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும், வயது பூச்சியம் என்றால் எல்லாம் புத்தம் புதிது என்று அர்த்தமாகிவிடும். வெறுமை வந்தால் "ஓகே" என்று எழுதாதீர்கள். எண்தானா என்று முதலில் பாருங்கள்.

நவம்பர் 3, காலை 5.50

லொக்கில் "இன்றைய" பிழைகளை எண்ணும் ஸ்கிரிப்ட் இரவில் மட்டும் பூச்சியம் சொல்கிறது, ஏன் என்று ஒருவர் கேட்டார். சேர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடுகிறது, ஸ்கிரிப்ட் அவருடைய கணினியில் எங்கள் நேரத்தில் ஓடுகிறது. நாங்கள் ஐந்தரை மணி நேரம் முன்னால். இங்கே அதிகாலை 2 மணி என்றால் சேர்வரில் முதல்நாள் இரவு 8.30. அவர் தேடும் திகதி லொக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. விடியப்புறம் 5.30வரை அந்த ஸ்கிரிப்ட் குருடு. திகதியை எடுக்கும் கட்டளைக்கு யூ விருப்பம் கொடுத்து யூடிசியில் கேட்கச் சொன்னேன்.

இன்னொன்று, கிரோன் வரியிலேயே திகதிக் கட்டளை எழுதுபவர்கள் வீதக்குறிக்கு முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். கிரோனுக்கு வீதக்குறி என்றால் புது வரி. கையால் ஓட்டினால் சரியாக ஓடும், கிரோனில் பாதியில் வெட்டுப்படும். ஜாவா ஹோம், பாத் (ஜாவாவும் கட்டளைகளும் எங்கே என்று சொல்பவை) இரண்டையும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதுங்கள், உங்கள் லொகினில் இருக்கும் சூழல் எதுவும் கிரோனுக்கு வராது.

பழைய பதிவுகளைக் கிளறுபவர்களுக்கு மட்டும்: இலங்கை நேரம் யூடிசிக்கு முன்னால் இருக்கும் அளவு 1996இல் முதலில் 6.30க்கும் பிறகு 6.00க்கும் மாறி, 2006 ஏப்ரலில் திரும்ப 5.30க்கு வந்தது. அம்மா இன்றும் ஏதாவது பழைய கதை சொல்லும்போது "பழைய நேரமா புது நேரமா" என்று கேட்டுக்கொள்வார். ஜாவாவின் நேரவலயத் தரவில் இந்த மாற்றங்கள் எல்லாம் இருக்கின்றன, நீங்களே கையால் 5.30 கூட்டினால் இருக்காது.

நவம்பர் 9, இரவு 1.40

மழை கொட்டுகிறது. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது, இணைய லைனும் சேர்ந்து போனது. கைபேசியில் பதினொரு எஸ்எம்எஸ், ஆறு சேர்வரும் "டவுன்" என்று. ஒன்றும் டவுன் இல்லை, என் வீட்டு ரூட்டர்தான். எச்சரிக்கை அனுப்பும் மோடம் மொபைல் வலையமைப்பில் தனியாக இருக்கிறது, அதனால் பொய்ச் செய்தி மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

இதை நான் ஐந்து வருடத்துக்கு முன்னமே திருத்தியிருக்க வேண்டும். நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் காலத்திலிருந்து ஒரு மரபு இருக்கிறது: 0 நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியாது. நாங்கள் எழுதும் ஸ்கிரிப்டுகளில் அந்த 3 கிடையாது. பதில் வராவிட்டால் 2 என்று அடித்துவிடுகிறோம். சேர்வர் விழுந்தது என்பதும் சேர்வரைப் பார்க்க எனக்கு வழியில்லை என்பதும் இரண்டு வேறு செய்தி, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தூரத்துச் சேர்வர்களைப் பார்ப்பவனுக்கு இரண்டாவது செய்திதான் அடிக்கடி வரும்.

நவம்பர் 9, காலை 8.30

பிளேன்ரீ குடித்துவிட்டு எழுதி முடித்தேன். ஸ்கிரிப்ட் முதலில் வீட்டு ரூட்டரைக் கேட்கிறது, பிறகு வெளியே இரண்டு வேறு இடங்களை. மூன்றும் பதில் தந்தால்தான் சேர்வர்களைத் தொடும். இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் 3 எழுதிவிட்டு, ஒரே ஒரு எஸ்எம்எஸ்: "லைன் இல்லை, ஒன்றும் தெரியவில்லை". நிலை மாறும்போது மட்டும் செய்தி. ஒரே நிலை தொடர்ந்தால் மௌனம்.

இது சேர்வர்களுக்கு உள்ளே ஓடும் ஸ்கிரிப்டுக்கு மாற்று இல்லை. உள்ளே ஓடுவது ஆழமாகப் பார்க்கும், வெளியே இருந்து ஓடுவது பாவனையாளர் கண்ணால் பார்க்கும். இரண்டும் வேண்டும்.

நவம்பர் 10, இரவு 10.00

"மூன்று தடவை தொடர்ந்து விழுந்தால்தான் எச்சரிக்கை என்று வைத்தால் பொய் அலாரம் குறையுமே" என்று முதல் கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். குறையும். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் பார்த்து மூன்று தடவை காத்திருந்தால், முதல் பிழையிலிருந்து பத்து நிமிடம், அதற்கு முன் நடந்தது இன்னும் ஐந்து நிமிடம்வரை. கட்டணச் சேவைக்குக் கால் மணி நேரம் மிக நீளம். நான் செய்வது, முதல் பிழை வந்ததும் அதே ஓட்டத்துக்குள் 20 விநாடி இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை கேட்பது. மூன்றும் பிழை என்றால் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் எனக்குத் தெரிந்துவிடும். டைம்அவுட்டுகளையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், மொத்தம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் ஃப்ளொக் அடுத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும்.

நவம்பர் 21, பகல் 2.15

ஒக்டோபர் 13ஆம் திகதி எழுதியதில் ஓர் ஆபத்து இருக்கிறது, யாரும் சொல்லவில்லை, நானே இன்று பட்டுத் தெரிந்துகொண்டேன். தரவுத்தளத்தைத் தொடும் ஹெல்த் பக்கம் வையுங்கள் என்றேன். ஓர் இடத்தில் அதே பக்கத்தை லோட் பேலன்சருக்கும் (கோரிக்கைகளைச் சேர்வர்களுக்குப் பகிர்ந்து அனுப்புவது) கொடுத்துவிட்டார்கள். இன்று தரவுத்தளம் அரை நிமிடம் மெதுவானது. நான்கு சேர்வரின் ஹெல்த் பக்கமும் ஒரே நேரத்தில் தோற்றது, லோட் பேலன்சர் நான்கையும் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது, தரவுத்தளம் தேவைப்படாத பக்கங்களும் சேர்ந்து எல்லாமே இருண்டது. அரை நிமிட மெதுவு ஆறு நிமிட முழு நிறுத்தமானது.

ஆகவே இரண்டு பக்கம். லோட் பேலன்சருக்கு மேலோட்டமானது, இந்தச் சேர்வரின் த்ரெட் பதில் சொல்கிறதா என்பது மட்டும். ஸ்கிரிப்டுக்கு ஆழமானது, தரவுத்தளம், கியூ எல்லாம் தொட்டுப் பார்ப்பது. முன்னே எழுதியதை அழிக்கவில்லை, ஆனால் இதையும் சேர்த்து வாசியுங்கள்.

டிசம்பர் 2, இரவு 9.30

கொக்குவில் தம்பி நேரில் வந்தார், திருநெல்வேலிச் சந்தியில் ஒரு கடையில் இருந்து அவருடைய ஸ்கிரிப்டைப் பார்த்தோம். நன்றாக எழுதியிருக்கிறார், என்னுடையதை விடச் சுத்தம். ஒரு கேள்விதான் கேட்டேன். இந்த ஸ்கிரிப்ட் நின்றுவிட்டால் உங்களுக்கு யார் சொல்வார்கள்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கைபேசியை எடுத்துச் சேர்வருக்குள் போய்ப் பார்த்தார். அவர் அங்கே கிரோனைத் திருத்திய நாளிலிருந்து, பதினொரு நாளாக, அது ஓடவே இல்லை. எச்சரிக்கை வராததை நலம் என்று எடுத்திருந்தார். நானும் அவருடைய வயதில் அப்படித்தான் எடுத்தேன்.

அங்கேயே இருந்து திருத்தினோம். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் கடைசி வரிவரை போய்ச் சேர்ந்தால் ஒரு வெற்றுக் கோப்பைத் தொடும். இன்னொரு கணினி, வேறு கட்டடத்தில், ஃபைண்ட் கொண்டு அந்தக் கோப்பு 15 நிமிடத்துக்கு மேல் பழசா என்று பார்க்கும். கோப்பே இல்லாவிட்டாலும் அலாரம்தான், ஃபைண்ட் ஒன்றும் தராததை நலம் என்று எடுக்காதபடி எழுத வேண்டும்.

டிசம்பர் 3, காலை 6.20

அந்தக் கோப்பை டிஎம்பியில் (தற்காலிகக் கோப்புகளின் அடைவு) வைக்க வேண்டாம் தம்பி. பல கணினிகளில் மறுதொடக்கத்தின்போது அது துடைக்கப்படும், சிலவற்றில் நாட்கணக்குப் பார்த்தும் துடைப்பார்கள். வார் ரன்னிலும் வேண்டாம், அதுவும் மெமரியில் இருப்பது. வார் லிப்புக்குள் ஒரு தனி அடைவு போதும்.